அம்மா இல்லாத முதல் கிறிஸ்துமஸ், அப்பாவ கோவா கூட்டிட்டு போலாமா?

உப்பளத்தான் · 6 அக்டோபர் 2024

எல்லாருக்கும் வணக்கம். நாலஞ்சு வருஷமா இங்க படிச்சிட்டு மட்டும் போற ஆளு, இன்னைக்கு தான் முதல் தடவை எழுதறேன்.

சொந்த ஊரு தூத்துக்குடி பக்கம், கடலோரம். நான் சென்னைல வேலை, அக்கா துபாய்ல. மார்ச் மாசம் அம்மா தவறிட்டாங்க. அப்பாவுக்கு 69 ஆகுது, வீட்ல தனியா தான் இருக்காரு, கூப்பிட்டா சென்னைக்கு வரமாட்டேங்காரு, வந்தாலும் நாலாவது நாளு "இங்க காத்தே இல்லலே"ன்னு பையத் தூக்கிட்டு கிளம்பிருவாரு.

இப்ப டிசம்பர் வருது. துக்க வருஷம், அதனால ஸ்டார் போடமாட்டோம், குடில் வைக்கமாட்டோம், பலகாரம் புதுத்துணி எதுவும் கிடையாது. அது முறை, அதுல எனக்கு வருத்தமில்ல. ஆனா 24ம் தேதி ராத்திரி தெருவே வெளிச்சமா இருக்க எங்க வீடு மட்டும் இருட்டா கிடக்க, உள்ள நானும் அப்பாவும் பேச ஒன்னும் இல்லாம டிவிய பார்த்துட்டு உக்காந்திருக்கறத நினைச்சாலே வயித்தப் பிசையுது. அதனால எங்கயாவது வெளியூர் போயிரலாம்னு பாக்கேன். கடல் இருக்கணும், பக்கத்துல சர்ச் இருக்கணும், அப்பாவுக்கு முட்டி வலி, ரொம்ப படி ஏறமுடியாது. பாண்டிச்சேரி போனா சொந்தக்காரங்க இருக்காங்க, திரும்ப அதே துக்கம் விசாரிப்பு. கோவா யோசிக்கேன். போனதில்ல. கூட்டம், குடி, கும்மாளம்னு கேள்விப்பட்டது தான். 69 வயசு மனுசன கூட்டிட்டு போற இடமா அது?

மாப்ள_மதுரை · 6 அக்டோபர் 2024

தம்பி வேணாம். நான் 2022 கிறிஸ்துமஸ்க்கு கோவால பாகா பீச் போனேன், கலங்குட் ஜங்ஷன்ல இருந்து பாகா 2 கிலோமீட்டர் சொச்சம் தான் இருக்கும், ஒன்னேகால் மணி நேரம் கார்லயே உக்காந்திருந்தோம், கடைசில இறங்கி நடந்துட்டோம். பீச்ல கால் வைக்க எடமில்ல, காதுக்குள்ள டம் டம்முனு ஒரே சத்தம், ரெண்டு தோசை ஒரு டீ 640 ரூபா. கிறிஸ்துமஸ்னு சொன்னா ஒரு பிளாஸ்டிக் தாத்தா கூலிங்கிளாஸ் போட்டு பீச் கடை வாசல்ல நின்னாரு, அம்புட்டு தான் நான் பார்த்த கிறிஸ்துமஸ்.

கோவை_ரைடர் · 6 அக்டோபர் 2024

மாப்ள, நீங்க போனது பாகாங்க, கோவா இல்லீங்க. அது எப்படீன்னா மெரினா மட்டும் பார்த்துட்டு தமிழ்நாடே இப்படித்தான்னு சொல்ற மாதிரி. சவுத் கோவா போங்க, பெனாலிம், கொல்வா தாண்டி கீழ இறங்குனா அமைதியா இருக்கும். ஆனா ஒன்னு, வண்டி இல்லாம அங்க ஒன்னும் பண்ணமுடியாதுங்க. ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தா கருப்பு போர்டுல மஞ்சள் எழுத்து இருக்கற வண்டியா பார்த்து எடுங்க, வெள்ளை போர்டு வண்டி கம்மி ரேட்டுக்கு குடுப்பாங்க, போலீஸ் மடக்குனா உங்க தலைல தான் விடியும்.

பழையபேட்டை · 7 அக்டோபர் 2024

தப்பா நினைக்காதீங்க, வருஷம் திரும்பறதுக்குள்ள கோவா போனாங்கன்னு ஊர்ல பேசுவாங்க. அம்மா கல்லறைக்கு 25ம் தேதி மெழுகுதிரி யாரு ஏத்துவா? வெறும் வீடா இருந்தாலும் அது அவங்க இருந்த வீடு. என்னோட கருத்து, அவ்வளவு தான்.

உப்பளத்தான் · 7 அக்டோபர் 2024

அண்ணே நீங்க சொல்றதும் நானே எனக்கு பத்து தடவை சொல்லிக்கிட்டது தான். கல்லறைக்கு அப்பா தினமும் போறாரு, மழை பெய்ஞ்சாலும் குடையோட. நவம்பர் 2ம் தேதி கல்லறைத் திருநாளுக்கு நானும் வந்து நிப்பேன். எனக்கு அந்த ஒரு ராத்திரிய தாண்டணும், அதுக்கு தான் கேக்கேன்.

பஞ்சிம்_வாசி · 7 அக்டோபர் 2024

உப்பளத்தான், நான் 11 வருஷமா பனாஜில இருக்கேன், திருச்சிக்காரன், பேங்க் வேலை. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

மொதல்ல அந்த பீச் பெல்ட்ட மறந்துருங்க. கோவாக்காரங்க கிறிஸ்துமஸ் அங்க நடக்கல. இங்க அதுக்கு பேரு நதாலாம், அது வாடோல நடக்கும், வாடோன்னா நம்ம தெரு மாதிரி. டிசம்பர் ஆரம்பத்துலயே மூங்கில் குச்சி கலர் பேப்பர்ல நட்சத்திரம் கட்ட ஆரம்பிச்சிருவாங்க, ஏரியா பசங்க சேர்ந்து குடில் போடுவாங்க, தட்டுல கேழ்வரகு விதைச்சு முளை விடவச்சு அதை குடிலுக்குள்ள வயல் மாதிரி அடுக்குவாங்க. 24 ராத்திரி பூசைக்கு வீட்டப் பூட்டிட்டு மொத்த குடும்பமும் போகும். அந்த ராத்திரிப் பூசைக்கு பழைய போர்ச்சுகீசிய பேரு "மிஸ்ஸா தோ காலு", சேவல் பூசைன்னு அர்த்தம். நிறைய ஊர்ல சர்ச்சுக்குள்ள எடம் பத்தாம மைதானத்துல சேர் போட்டு தான் நடக்கும்.

உங்களுக்கு நான் சொல்றது பனாஜியே. எல்லாரும் ஏர்போர்ட்ல இறங்கி நேரா வடக்கயோ தெக்கயோ ஓடிருவாங்க, நடுவுல இருக்கற தலைநகர்ல யாரும் தங்கறதில்ல. மிராமார் பீச் ஊருக்குள்ளயே இருக்கு, அப்படியே நடந்தா கரஞ்சாலெம், அதுக்கு மேல தோனா பாவ்லா. மிராமார் மாண்டவி ஆறு கடல்ல கலக்கற எடம், தண்ணி ஓட்டம் நம்பமுடியாது, குளிக்க வேண்டாம், நடக்க ஏத்த பீச். சாயங்காலம் ஊர் ஆளுங்க தான் இருப்பாங்க, பேல்பூரி வண்டி, பந்து விளையாடற பசங்க. உங்க அப்பாவுக்கு காத்துக்கு பஞ்சமிருக்காது. ஆத்துல கேசினோ கப்பல் லைட் போட்டு நிக்கும், அது ஒன்னு தான் கண்ணுக்கு உறுத்தல்.

இப்ப முக்கியமான விஷயம். நீங்க தூத்துக்குடி கடற்கரைன்னு சொன்னதும் கேக்கணும்னு தோணுச்சு, அப்பாவுக்கு இந்த வருஷம் சவேரியார் எக்ஸ்போசிஷன்னு தெரியுமா? அதாவது புனித சவேரியாரோட உடம்ப எல்லாரும் பாக்கற மாதிரி வைப்பாங்க. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை தான். நவம்பர் 21ல இருந்து ஜனவரி 5 வரைக்கும். எப்பவும் பழைய கோவால பாம் ஜீசஸ் பசிலிக்கால உயரமா வெள்ளிப் பெட்டிக்குள்ள இருக்கும், கீழ நின்னு அண்ணாந்து தான் பாக்கணும். எக்ஸ்போசிஷன் அப்ப எதிர்ல இருக்கற சே கதீட்ரலுக்கு இறக்கிட்டு வருவாங்க, கிட்டயே போய் கண்ணாடி வழியா பாக்கலாம். பனாஜில இருந்து பழைய கோவா 10 கிலோமீட்டர் தான்.

மணப்பாட்டு_பேத்தி · 7 அக்டோபர் 2024

இத படிச்சதும் லாகின் பண்ணாம இருக்க முடியல. எங்க பாட்டி ஊரு மணப்பாடு, தூத்துக்குடி பக்கம் தான். கடல ஒட்டி பாறைக்குள்ள சவேரியார் தங்கின குகை இருக்கு, உள்ள ஒரு கிணறு, கடலுக்கு அவ்வளவு பக்கத்துல தண்ணி நல்ல தண்ணி. அவரு கோவா வந்தது 1542 மே, அதே வருஷம் அக்டோபர்ல நம்ம முத்துக்குளித்துறைக்கு வந்துட்டாரு, தமிழ் தெரியாம ஆள் வச்சு ஜெபத்தையெல்லாம் தமிழ்ல மாத்தி மனப்பாடம் பண்ணி மணியடிச்சுட்டு தெருத்தெருவா சொல்லிக்குடுத்திருக்காரு. செத்தது 1552 டிசம்பர் 3, சீனாக்கு பக்கத்துல ஒரு தீவுல, உடம்பு கோவா வந்து சேர்ந்தது 1554ல.

பாட்டி சாகற வரைக்கும் "ஒருதரம் கோவா போய் அவர பாத்துட்டு வந்துரணும்"னு சொல்லிட்டே இருந்தாங்க, நடக்கல. ஊர்ல பாதிப் பேருக்கு சேவியர்னு பேரு, போனவங்க நாலு பேரு கூட இல்ல. தம்பி, கூட்டிட்டு போங்க. வேற எதுவும் யோசிக்காதீங்க.

உப்பளத்தான் · 8 அக்டோபர் 2024

அப்பாவுக்கு ராத்திரி போன் பண்ணி கோவான்னு சொன்னதும் "எனக்கெதுக்குலே கோவா, குடிகாரப்பய ஊரு"ன்னாரு. அப்புறம் பஞ்சிம் அண்ணன் சொன்னத சொன்னேன், கீழ இறக்கி வைப்பாங்களாம், கிட்ட போய் பாக்கலாமாம்னு. ரொம்ப நேரம் சத்தமே இல்ல, லைன் கட் ஆயிருச்சோன்னு பார்த்தேன். "அடுத்தது எப்பவாம்?"ன்னு கேட்டாரு. 2034ன்னேன். "அப்ப எனக்கு 79"ன்னாரு. அவ்வளவு தான் பேசினாரு, காலைல 6 மணிக்கு போன் பண்ணி டிக்கெட் போட்டாச்சான்னு கேக்காரு.

கோவை_ரைடர் · 8 அக்டோபர் 2024

ஹாஹா ஓகே ஆச்சுங்க. டிக்கெட்டுக்கு வருவோம். சென்னைல இருந்து நேரடி பிளைட் இருக்கு, ஆனா கோவால இப்ப ரெண்டு ஏர்போர்ட், டபோலிம் பழசு, மோபா புதுசு, 2023 ஜனவரில இருந்து ஓடுது, புக் பண்றப்ப எதுன்னு பார்த்துக்கோங்க. மோபா வடக்கு எல்லைல இருக்கு. ரயில்னா சென்னை வாஸ்கோ (அதுவும் கோவா தான்) வாரம் ஒன்னு, வேளாங்கண்ணி வாஸ்கோ வாரம் ஒன்னு.

உப்பளத்தான் · 8 அக்டோபர் 2024

வேளாங்கண்ணிக்கு கோவால இருந்து நேரா ரயிலா?

பஞ்சிம்_வாசி · 8 அக்டோபர் 2024

ஆமா, இங்க ஆகஸ்ட் கடைசில என் ஆபீஸ்ல பாதிப்பேர் லீவு, எல்லாம் வேளாங்கண்ணி. எனக்கே வழி சொல்லுவாங்க.

நெல்லை_டிக்கெட் · 8 அக்டோபர் 2024

அப்பா ஊர்ல இருந்து கிளம்பறாருன்னா திருநெல்வேலி ஜாம்நகர் எக்ஸ்பிரஸ் பாருங்க, வாரம் 2 நாள், நாகர்கோவில் திருவனந்தபுரம் மங்களூர் வழியா வந்து கோவால மட்காவ்ல நிக்கும். மட்காவ்ல இருந்து பனாஜிக்கு கதம்பா பஸ் அடிக்கடி இருக்கு. ஆனா டிசம்பர் 20க்கு மேல இப்பவே வெயிட்டிங் லிஸ்ட் காட்டுது, போறது பிளைட், வர்றது ரயில்னு வச்சுக்கோங்க. வர்றப்ப கொங்கன் ரூட்ல வரலாம், அப்பாவுக்கு பிடிக்கும்.

மாப்ள_மதுரை · 8 அக்டோபர் 2024

டாக்ஸி பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கிறீங்களே. ஓலா ஊபர் கிடையாது அங்க. 8 கிலோமீட்டருக்கு என்கிட்ட 900 வாங்கினான்.

பஞ்சிம்_வாசி · 8 அக்டோபர் 2024

மாப்ள அது உண்மை, நான் மறுக்கல. கோவா மைல்ஸ்னு ஒரு ஆப் இருக்கு, டூரிசம் கார்ப்பரேஷன் சேர்ந்து 2018ல கொண்டு வந்தது, அதுல ரேட் முன்னாடியே தெரியும், ஆனா டிசம்பர் கடைசில வண்டி கிடைக்கறது லாட்டரி. உள்ளூர் டாக்ஸிக்காரங்களுக்கும் அதுக்கும் பழைய சண்டை. அவங்க பக்கம் ஒரு நியாயம் இருக்கு, மழைல நாலு மாசம் சும்மா கிடப்பாங்க, லோன் கட்டணும், சீசன்ல எடுத்தா தான் உண்டு. அதுக்காக 8 கிலோமீட்டருக்கு 900 நியாயம்னு நான் சொல்லல.

மாப்ள_மதுரை · 8 அக்டோபர் 2024

நியாயம்னு சொல்லிட்டு நியாயம் இல்லன்னு சொல்றீங்க, பேங்க்காரர்ங்கறது சரியாத்தான் இருக்கு

கோவை_ரைடர் · 8 அக்டோபர் 2024

😂😂 விடுங்க மாப்ள. தம்பி பஸ்லயே போலாங்க, மோபால இருந்து பனாஜிக்கு கதம்பா எலெக்ட்ரிக் பஸ் ஓடுது, ஏசி. பனாஜி பஸ் ஸ்டாண்டுல இருந்து பழைய கோவாவுக்கும் பஸ்.

உப்பளத்தான் · 20 அக்டோபர் 2024

அப்டேட். பிளைட் போட்டாச்சு, 22ம் தேதி. வர்றது 27ம் தேதி ரயில், ஆர்ஏசி. தங்கறது தான் தலைவலி, ஹோட்டல்ல எல்லாம் சாதாரணமா 2,500 இருக்கற ரூம் 23ல இருந்து 8,000, 9,000 காட்டுது. பஞ்சிம் அண்ணன் தனியா மெசேஜ் பண்ணி கரஞ்சாலெம் பக்கம் ஒரு வீட்டு கீழ் போர்ஷன் பார்த்துக் குடுத்தாரு, வீட்டுக்கார ஆன்ட்டி மேல இருக்காங்க, நாளுக்கு 3,200, படியே இல்ல. அண்ணே நீங்க நல்லா இருக்கணும்.

சாப்பாடு பத்தி யாராவது சொல்லுங்க, அப்பா ஓட்டல்ல எத குடுத்தாலும் மூஞ்சிய சுழிப்பாரு.

பஞ்சிம்_வாசி · 20 அக்டோபர் 2024

சாப்பாட்டுல அவருக்கு கஷ்டமே இருக்காது, பாருங்க. காலைல சைக்கிள்ல பாம் பாம்னு ஹாரன் அடிச்சிட்டு பொதேர் வருவாரு, ரொட்டிக்காரர். அவர்கிட்ட "பொய்" கேளுங்க, தவிடு தூவின உப்பலான ரொட்டி, மீன் குழம்புல முக்கி சாப்பிட்டா நம்ம ஆளுங்களுக்கு சரியா இருக்கும். மத்தியானம் மீன் சோறுன்னு போர்டு இருக்கற சின்ன கடையா போங்க, தேங்கா அரைச்ச குழம்பு, புளிக்கு பதிலா கோக்கம்னு ஒரு புளிப்புப் பழம். கிறிஸ்துமஸ் சமயத்துல சொர்ப்பத்தேல் கிடைக்கும், பன்றி இறைச்சி, ஈரல் எல்லாம் பொடியா வெட்டி வினிகர் மசாலால போட்டு ரெண்டு மூணு நாள் வச்சு சூடு பண்ணி சூடு பண்ணி சாப்பிடுவாங்க, மூணாவது நாள் தான் ருசியே. அதுக்கு தொட்டுக்க சன்னா. சன்னான்னா கள்ளு ஊத்தி புளிக்க வச்ச இட்லி தான், கொஞ்சம் இனிப்பு தட்டும்.

25ம் தேதி மட்டும் முன்னாடியே சாப்பாட்டுக்கு ஏற்பாடு பண்ணிக்கோங்க, பனாஜில குடும்பமா நடத்தற சின்ன ஓட்டல் நிறைய பூட்டிருக்கும், என் மொத வருஷம் நான் அன்னைக்கு பிஸ்கட் சாப்பிட்டு படுத்தேன்.

பலகாரத்துக்கு மொத்தமா குஸ்வார்னு பேரு. பெபிங்கா தான் ராணி, தேங்காப்பால், முட்டை மஞ்சக்கரு, சர்க்கரை, நெய், ஒவ்வொரு அடுக்கா ஊத்தி மேல தணல் வச்சு வேகவிட்டு அதுமேல அடுத்த அடுக்கு, ஒன்னு செய்ய அரை நாள் போயிரும். அப்புறம் தோதோல், நெவ்ரி, குல்குல்.

கீழக்கரை_காக்கா · 20 அக்டோபர் 2024

தோதோலா? அது எங்க தொதலு தம்பி! தேங்காப்பாலும் கருப்பட்டியும் ஊத்தி கை வலிக்க வலிக்க கிண்டறது. கீழக்கரைல செய்வாங்க, இலங்கைல செய்வாங்க, மலேசியாக்காரன் கேட்டா அது எங்களோடதும்பான். கடல்ல போனவன் வந்தவன் எல்லாம் ஒரே சட்டில தான் கிண்டிருக்கான் போல.

மணப்பாட்டு_பேத்தி · 20 அக்டோபர் 2024

குல்குல் நம்ம கலகலா. மாவ உருட்டி சீப்புலயோ முள்கரண்டிலயோ அழுத்தி சுருட்டி எண்ணெய்ல போடறது. நெவ்ரி நம்ம சோமாஸ். ரோஸ் குக்கீஸ்னு அங்க சொல்றது அச்சுமுறுக்கு. தம்பி நீங்க ஊரு விட்டு ஊரு போனாலும் தப்பிக்க முடியாது பாருங்க.

உப்பளத்தான் · 20 அக்டோபர் 2024

அக்கா அது தான் இப்ப பயமா இருக்கு. அம்மா கலகலா அப்பாவோட பழைய சீப்புல தான் போடுவாங்க, புது சீப்பு வாங்கிக் குடுத்தாலும் இது தான் வரி நல்லா விழுதும்பாங்க.

பழையபேட்டை · 21 அக்டோபர் 2024

தம்பி, அன்னைக்கு நான் சொன்னது கொஞ்சம் கடுசா போச்சு. போய்ட்டு வாங்க. வெறுங்கையோட போகாதீங்க, தூத்துக்குடி மக்ரூன் ரெண்டு டப்பா கொண்டு போங்க, வீடு குடுத்த அம்மாவுக்கு ஆச்சு.

கோவை_ரைடர் · 21 அக்டோபர் 2024

இன்னொன்னுங்க, பீச்ல பாட்டில் தொறந்தா ஃபைன். அப்பா ஃபெனி குடிச்சு பாக்கணும்னா ரூம்லயோ கடைலயோ. முந்திரிப்பழ ஃபெனி வாடை ஊரக் கூட்டும், தென்னங்கள்ளு ஃபெனி கொஞ்சம் சாது.

உப்பளத்தான் · 21 அக்டோபர் 2024

அவரு 1998ல விட்டுட்டாருங்க. அம்மா மேல சத்தியம்.

கோவை_ரைடர் · 21 அக்டோபர் 2024

சரிங்க சரிங்க. கோக்கம் சர்பத் குடிக்கட்டும்.

உப்பளத்தான் · 24 டிசம்பர் 2024, இரவு 9.50

கரஞ்சாலெம்ல இருந்து. ஸ்வெட்டர் எடுத்துட்டு வந்தது வேஸ்ட், ராத்திரியும் விசிறி ஓடுது. தெரு பூரா நட்சத்திரம். அப்பா சட்டைய அயர்ன் பண்ணிட்டு இருக்காரு, 10.30க்கு ஆன்ட்டி வீட்டு ஆளுங்களோட பூசைக்கு போறோம். மத்தத அப்புறம் எழுதறேன்.

மாப்ள_மதுரை · 24 டிசம்பர் 2024

அப்பாவ கேட்டதா சொல்லுங்க தம்பி

உப்பளத்தான் · 3 ஜனவரி 2025

எல்லாருக்கும் ஹேப்பி நியூ இயர். லேட் தான், ஊருக்கு வந்ததும் ஆபீஸ்ல பிடிச்சுக்கிட்டாங்க. வரிசையா எழுத வராது, ஞாபகம் வர்றத எழுதறேன்.

23ம் தேதி திங்கக்கிழமை பழைய கோவா போனோம். காலைல 7க்கே கிளம்பிட்டோம், அப்படியும் வரிசை பெருசு, பந்தல் போட்டு ஃபேன் எல்லாம் இருந்துச்சு. அப்பா நொண்டி நொண்டி நடக்கறத பார்த்துட்டு ஒரு வாலண்டியர் பையன் சேர் போட்டு உக்கார வச்சு, வரிசை நகர நகர சேரையும் நகர்த்திட்டே வந்தான், நான் தூக்கறேன்னாலும் விடல. முன்னாடி ஒரு குடும்பம் கோட்டாறுல இருந்து, பின்னாடி மங்களூர்காரங்க. ஒன்றரை மணி நேரம் ஆச்சு. உள்ள போனா பெட்டி முன்னாடி நிக்க விடறது சில நொடி தான், நகருங்க நகருங்கன்னு சொல்லிட்டே இருப்பாங்க. உடம்பு ரொம்ப சிறுசா இருந்துச்சு, காஞ்சு போய் கருத்து, ஒரு சின்னப்பையன் படுத்திருக்கற மாதிரி. வலது கை கிடையாது, அது 1614ல ரோமுக்கு போயிருச்சாம். நான் அழுவாருன்னு பயந்துட்டே இருந்தேன், அழல. கண்ணாடிய தொட்டுட்டு தமிழ்ல என்னமோ சொன்னாரு, பின்னாடி இருந்த போலீஸ்கார அம்மா அவர மட்டும் அவசரப்படுத்தல. வெளிய வந்து "என்னப்பா சொன்னீங்க"ன்னு கேட்டேன். "ஊர்ல எல்லாம் சௌக்கியம்னு சொன்னேன்"ன்னாரு. நான் என்ன சொல்ல.

எதிர்ல பாம் ஜீசஸ். வெளிச்செவுரு பூசாம செங்கல் நிறத்துல இருக்கு, அப்பா "ஏன்லே பூசல, காசு பத்தலியா"ன்னு கேட்டாரு. முன்னாடி பூசித்தான் இருந்துச்சாம், போன நூற்றாண்டுல சுரண்டி எடுத்துட்டாங்களாம், அதனால இப்ப மழைத்தண்ணி உள்ள இறங்குதுன்னு பஞ்சிம் அண்ணன் சொன்னாரு. (ஆமா, அண்ணன் லீவு போட்டுட்டு எங்க கூட வந்தாரு. இங்க எழுதற மாதிரியே தான் பேசறாரு, நீளமா.) அங்கருந்து படகுத்துறைல ஃபெர்ரி ஏறி திவார் தீவு போனோம், நடந்து போறவங்களுக்கு காசே கிடையாது. ஏறி நின்னா பத்து நிமிஷத்துக்குள்ள அக்கரை. பச்சை வயல், கொக்கு, கலர் கலரா பழைய வீடு, ஒவ்வொரு வாசல்லயும் குடில். அப்பா எல்லா குடிலையும் நின்னு பார்த்தாரு, ஒட்டகம் சரியா இல்ல, ராஜா மூணு பேருல ஒருத்தரக் காணோம்னு குத்தம் சொல்லிட்டே வந்தாரு. போன வருஷம் வரைக்கும் எங்க வீட்டு குடில் அவரு டிபார்ட்மென்ட்.

மிராமார்ல தினம் சாயங்காலம் நடந்தோம். மாப்ள அண்ணே, நீங்க சொன்ன டம் டம் சத்தம் ஒரு நாளும் கேக்கல, ஆனா தோனா பாவ்லால ஒரு இளநி 100 ரூபா, அத இங்க பதிவு பண்றேன். டாக்ஸிக்கும் ஒரு நாள் அழுதோம், 25ம் தேதி பஸ்ஸ காணோம், ஆப்ல வண்டி இல்ல, ஒருத்தர் கேட்ட ரேட்டுக்கு அப்பா "நடந்தே போவோம்"னு முட்டி வலியோட முக்கால் மணி நேரம் பீச் ஓரமா நடந்து வந்தாரு. வீம்பு.

ராத்திரிப் பூசை. மைதானத்துல பிளாஸ்டிக் சேர், மேடை, சீரியல் லைட். பூசை கொங்கணில. ஒரு வார்த்தை புரியல, ஆனா எந்த எடத்துல எந்திரிக்கணும் எந்த எடத்துல முட்டி போடணும்னு தெரியுமே, அப்பா தமிழ்ல பதில் சொல்லிட்டு இருந்தாரு, சத்தமா, சுத்தி எல்லாரும் கொங்கணில சொல்ல இவரு மட்டும் தமிழ்ல. ரெண்டு சின்ன புள்ளைங்க திரும்பி பார்த்து சிரிச்சுதுங்க. பாட்டு எல்லாம் டியூன் நமக்கு தெரிஞ்சது, வார்த்தை தான் வேற. முடிஞ்சதும் முன்ன பின்ன தெரியாதவங்க எல்லாம் வந்து கை குடுத்தாங்க. அப்பா "தேவ் பொரெம் கொரும்"னு பதில் சொன்னாரு, நன்றின்னு அர்த்தம், ஆன்ட்டி பேரன் சொல்லிக் குடுத்திருக்கான், எனக்கு தெரியாம ப்ராக்டிஸ் பண்ணிருக்காரு.

இனி ஒரு தட்டு விஷயம். ஆன்ட்டிகிட்ட நாங்க அம்மா விஷயம் எதுவும் சொல்லல. 24 மத்தியானம் அவங்க வாசல்ல ஸ்டார் மாட்டிட்டு இருந்தாங்க, கீழ் போர்ஷனுக்கும் ஒன்னு மாட்டட்டுமான்னு கேட்டாங்க. அப்பா வேண்டாம்னு கைய ஆட்டினாரு. அவருக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது. "வைஃப், மார்ச்"னாரு. அவங்க ஸ்டார கீழ வச்சுட்டு தலைய ஆட்டினாங்க, ஒன்னும் கேக்கல. 25 காலைல பேரன் ஒரு தட்டு கொண்டு வந்தான், மேல பூவேலை போட்ட துணி மூடி. பெபிங்கா, தோதோல், நெவ்ரி, ஓரத்துல குவிச்சு கலகலா. நான் தேங்க்ஸ் சொல்ல மேல போனேன், அப்ப தான் ஆன்ட்டி சொன்னாங்க, எங்க பக்கத்துலயும் சாவு விழுந்த வீட்ல அந்த வருஷம் அடுப்புல எண்ணெய் வைக்கமாட்டாங்க, அக்கம்பக்கத்துல இருந்து தட்டு போகும், அதான் அனுப்பினேன், அப்படின்னு.

நான் கீழ வந்தப்ப அப்பா கலகலா ஒன்ன எடுத்து வெளிச்சத்துல திருப்பி திருப்பி பார்த்துட்டு இருந்தாரு. "சீப்புல போட்டது இல்ல இது, கரண்டி"ன்னாரு. அப்புறம் தின்னாரு. எனக்கு ரெண்டு குடுத்தாரு. மிச்சத்த ரயில்ல தின்னுட்டே வந்தாரு.

பழையபேட்டை அண்ணே, மக்ரூன் கொண்டு போகச் சொன்னதுக்கு கோடி நன்றி. தட்ட வெறும் தட்டா திருப்பிக் குடுக்கக்கூடாதுன்னு அப்பா பரபரத்துட்டாரு, அந்த டப்பா மட்டும் இல்லன்னா 25ம் தேதி பூட்டின கடை முன்னாடி நின்னுருப்போம். தட்டுல மக்ரூன கோபுரமா அடுக்கி அவரே மேல கொண்டு போனாரு, முட்டி வலி எல்லாம் எங்க போச்சோ. ஆன்ட்டி ஒன்ன வாயில போட்டுட்டு முந்திரியான்னு கேட்டாங்க. முந்திரி, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, அவ்வளவு தான்னு நான் சொன்னேன். மஞ்சக்கருவ என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாங்க. எனக்கு தெரியல. எங்களுக்கு அனுப்புங்க, பெபிங்கா போடறோம்னாங்க, ரெண்டு பேரும் சிரிச்சாங்க, எந்த பாஷைல சிரிச்சாங்களோ.

மணப்பாட்டு_பேத்தி · 3 ஜனவரி 2025

ஆபீஸ்ல உக்காந்து படிச்சிட்டு பாத்ரூம் போய் மூஞ்சி கழுவிட்டு வந்தேன். ஊர்ல எல்லாம் சௌக்கியம்னு சொன்னாரா. எங்க பாட்டி சார்பாவும் சொன்ன மாதிரி எடுத்துக்கறேன்.

பழையபேட்டை · 3 ஜனவரி 2025

அப்பா கல்லறைக்கு போனாரா வந்ததும்?

உப்பளத்தான் · 3 ஜனவரி 2025

ரயில் இறங்கி வீட்டுக்கு கூட வரல அண்ணே, ஆட்டோவ நேரா அங்க விடச்சொல்லிட்டாரு. கைப்பைல ஒரு துண்டு பெபிங்கா பேப்பர்ல மடிச்சு வச்சிருந்தாரு, அத அங்க வச்சுட்டு வந்தாரு. எறும்பு தின்னுரும்னேன். "தின்னுட்டு போகுது"ன்னாரு.

கீழக்கரை_காக்கா · 3 ஜனவரி 2025

தொதலு எப்படி இருந்துச்சுன்னு சொல்லவே இல்லியே தம்பி

உப்பளத்தான் · 4 ஜனவரி 2025

நல்லா தான் இருந்துச்சு காக்கா, ஆனா பல்லுல ஒட்டுது. அப்பா செட்டு பல்லு கழண்டு வந்துருச்சு.

மாப்ள_மதுரை · 4 ஜனவரி 2025

தம்பி அந்த வீட்டு நம்பர் எனக்கு தனியா அனுப்புங்க, அடுத்த டிசம்பருக்கு இப்பவே சொல்லி வைக்கிறேன். மக்ரூன் எந்த கடைல வாங்கினீங்க, அதையும்.